குடிலுக்குள் புல் வளர்க்கலாம் வாங்க

நாகர்கோவிலில் எங்கள் மழலையர் வகுப்பில் கிறிஸ்துமஸ் வேலை டிசம்பர் 10 வாக்கிலேயே தொடங்கிவிடும். முதலில், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலுக்குப் புல். கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால், ஓரிரு நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். பழைய தட்டில் இரண்டு விரல் உயரம் மண் பரப்பி, பிள்ளைகளையே தூவச் சொல்லுங்கள். குவளையால் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். ஒரு வருடம் அப்படி ஊற்றி எல்லாம் அழுகிப்போக, பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. கையை நனைத்துத் தெளித்தால் போதும்.

அப்புறம் களிமண் ஆடுகள். மூன்று வயதில் உருட்டத்தான் வரும், கால் வைக்க வராது. நான்கு ஈர்க்குச்சியை நாம் குத்திக் கொடுத்தால் பஞ்சை அவர்கள் ஒட்டுவார்கள். ஆடு சாய்ந்து நின்றாலும் திருத்தாதீர்கள். செய்த பிள்ளைக்கு அது தெரியும். கோலிக்குண்டு, தெர்மாகோல் உருண்டை வேண்டவே வேண்டாம், வாய்க்குள் போய்விடும். சீரியல் விளக்கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

ஒட்டும்போது கதை சொல்லுங்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசி நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார் என்றதும், "மாடு வைக்கோலைத் தின்னுச்சா?" என்று கேட்பார்கள்.

வகுப்பில் விடுமுறைக்கு முன்பே பாலன் சுரூபத்தை, அதாவது குழந்தை இயேசு பொம்மையை, வைத்துவிடுவோம். வீட்டில் 24-ஆம் தேதி இரவு வரை தொட்டில் காலியாகவே இருக்கட்டும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பொம்மைகள் அலமாரியிலிருந்து தினம் ஒரு சாண் நகர்ந்து ஜனவரி 6 அன்று குடிலுக்கு வரட்டும். எங்கள் வீட்டில் நகர்த்துவது சின்ன மகள்.