9 எம்எம் தோட்டான்னா எது? குழம்பாம அடையாளம் கண்டுபிடிக்கிறது எப்படி

க்ரைம் கதை எழுதுறவங்க, பேப்பர்ல துப்பாக்கிச்சூடு செய்திய விடாம படிக்கிறவங்க, மியூசியத்துல பழைய ஆயுதம் பாக்க நிக்கிறவங்க, உங்களுக்குத்தான் இது. "9 எம்எம் தோட்டா பறிமுதல்"னு செய்தில போட்டு அதோட முடிச்சிருவாங்க. 9 எம்எம்ங்கறது குண்டோட குறுக்களவு, அதுவும் தோராயமாதான். அந்த அளவுல வேற வேற தோட்டா நிறைய இருக்கு, ஒண்ண எடுத்து இன்னொண்ணோட துப்பாக்கில போட முடியாது.

அதனால முதல்ல ரெண்டாவது நம்பரப் பாருங்க. உலகம் பூரா சும்மா 9 எம்எம்னு சொன்னா அது 9×19, இதுல 19ங்கறது குண்டையும் மருந்தையும் புடிச்சிருக்கற பித்தளை உறை இருக்கே, அந்த கேஸோட நீளம், மில்லிமீட்டர்ல. 9×17 இதவிட குட்டை, அமெரிக்காக்காரங்க அங்குலக் கணக்குல .380ன்னு சொல்லுவாங்க. 9×18 சோவியத் சரக்கு, மக்கரோவ் பிஸ்டலோட தோட்டா, பேர்லதான் 9, குண்ட அளந்தா 9.27 மிமீ இருக்கும், 9×19ல வெறும் 9.01தான். அப்புறம் 9×21னு ஒண்ணு, இது பிறந்த கதையே தமாஷ், இத்தாலியில பட்டாளத்து தோட்டாவ பொதுமக்கள் வச்சுக்கக் கூடாதுன்னு ரொம்ப காலம் சட்டம் இருந்துச்சு, சரின்னு கேஸ ரெண்டு மில்லி நீட்டி வேற பேர்ல வித்துட்டாங்க.

அடுத்து பேரு. லூகர், பாரபெல்லம், பாரா எல்லாம் அந்த 9×19தான், ஆள் ஒண்ணு பேர்தான் பல. நேட்டோன்னு போட்டிருந்தாலும் அளவு அதேதான், பட்டாள ஸ்பெக்குக்கு செஞ்சது, அவ்ளோதான். தோட்டாவோட பின்பக்கத்த திருப்பிப் பாத்தா முத்திரை இருக்கும். கடை சரக்குன்னா கம்பெனி பேரும் 9 எம்எம் லூகர்ங்கறதும் இருக்கும், பட்டாள சரக்குல பெரும்பாலும் ஃபேக்டரி குறியும் வருஷமும். வட்டத்துக்குள்ள கூட்டல் குறி இருந்தா நேட்டோ தரம். +பின்னு இருந்தா உள்ள பிரஷர் அதிகம், பழைய துப்பாக்கிக்கு ஆகாது.

கேஸ பக்கவாட்டுல பாக்குறதுதான் எனக்குப் புடிச்ச சோதனை. நேரான குழாய் மாதிரி தெரியும், ஆனா நேர் கிடையாது, அடியில 9.93 மிமீ, வாய்ப்பக்கம் 9.65. இந்த சின்ன சரிவுலதான் மொத்த வரலாறும் இருக்கு. 1900 வாக்குல பெர்லின்ல டிடபிள்யூஎம் கம்பெனியில ஜார்ஜ் லூகர்னு ஒருத்தர் தன்னோட பிஸ்டலுக்கு 7.65 தோட்டா வச்சிருந்தார், அதுக்கு பாட்டில் மாதிரி ஒடுங்குன கழுத்து. குண்டு சின்னதா இருக்குன்னு ராணுவங்க குறை சொன்னதும் அவர் புதுசா எதுவும் யோசிக்கல, அந்தக் கழுத்த விரிச்சு 9 மில்லி குண்ட உள்ள வச்சுட்டார், அடிப்பாகம் அதே சைஸ்ங்கறதால பிஸ்டல்ல பேரல், அதாவது குழல, மாத்துனாலே போதும்னு ஆயிடுச்சு. 1904ல ஜெர்மன் கடற்படை எடுத்துச்சு, 1908ல தரைப்படை. அந்த சரிவு இருக்கறதால தோட்டா சேம்பர்ல, அதாவது சுடறதுக்கு முன்னாடி அது போய் உக்கார்ற அறையில, சுலபமா வழுக்கிப் போகும், வரிசையா அடுக்குனா லேசா வளையும், ஸ்டெர்லிங் கார்பைன்ங்கற இயந்திரத் துப்பாக்கியோட நீள மேகசின், அதாவது தோட்டா அடுக்குற பெட்டி, வளைஞ்சிருக்கறது அதனாலதான்.

மியூசியத்துல பழைய மவுசர் பிஸ்டல் பாத்தா கைப்பிடி மரத்துல பெரிய 9 செதுக்கி செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கான்னு பாருங்க. முதல் உலகப்போர் நடுவுல ஜெர்மன் ராணுவம் 9×19க்கு ஆர்டர் பண்ணது அது, மத்த மவுசர் பெரும்பாலும் 7.63, வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், சிப்பாய் தப்பான தோட்டாவப் போட்டுறக் கூடாதேன்னு இந்த ஏற்பாடு.

சரி, இத்தன வருஷம் எப்படி தாக்குப் புடிச்சுதுன்னா, பவர்னால இல்ல. சின்னது, உதை கம்மி, ஒரு மேகசின்ல நிறைய புடிக்கும். 1935ல வந்த ப்ரவுனிங் ஹை பவர் பிஸ்டல்ல 13, 1980கள்ல வந்த க்ளாக் 17ல 17. .45ங்கற பெரிய குண்ட விடவே மாட்டேன்னு நின்ன அமெரிக்க ராணுவம் 1985ல பெரெட்டா பிஸ்டலோட இந்த 9×19க்கு வந்துச்சு. மறு வருஷமே மியாமி துப்பாக்கிச்சண்டையில எஃப்பிஐ ஆளுங்க ரெண்டு பேர் செத்தாங்க, கொன்னவன் மேல பட்ட ஒரு 9 எம்எம் குண்டு இதயத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுபோச்சு, பழி மொத்தமும் தோட்டா மேல. 1990ல .40னு ஒரு தோட்டா புதுசா வந்து போலீஸ் துறைங்க அதுக்குத் தாவுனாங்க. ஆனா 2014ல எஃப்பிஐயே, இப்ப இருக்கற குண்டுக்கு 9 போதும், உதை கம்மிங்கறதால ஆளுங்க குறியும் நல்லா அடிக்கிறாங்கன்னு திரும்பி வந்துட்டாங்க. என்னக் கேட்டா அந்த நடு இருவது வருஷம் வீண் அலைச்சல். ரஷ்யாவே மக்கரோவ வச்சுக்கிட்டு 9×19க்கும் பிஸ்டல் செய்யுது, அப்புறம் என்ன.

கதை எழுதுறவங்க கவனிங்க. ரிவால்வர் காலி கேஸ தானா வெளிய தள்ளாது, அதனால சுட்ட எடத்துல கேஸ் சிதறிக் கெடந்தா பிஸ்டல்னு எழுதுங்க. சாதாரண 9×19 குண்டு சத்தத்தோட வேகத்தையே தாண்டிப் போகும், சைலன்சர் மாட்டுனாலும் அந்த வெடிப்பு கேக்கும், சத்தம் அடங்கணும்னா மெதுவா போற 147 கிரெய்ன் எடை கொண்ட கனமான குண்டு வேணும். முக்கியமா, நம்ம ஊர்ல 9 எம்எம் பொதுமக்களுக்குத் தடை செஞ்ச குழல் அளவு (prohibited bore), போலீஸ் கையில இருக்கும், இஷாப்பூர் ஃபேக்டரில செஞ்ச பிஸ்டல், அதுவும் ஹை பவரோட வாரிசுதான். உங்க கதையில வர்ற தொழிலதிபர் லைசன்ஸ் 9 எம்எம்ம டிராயர்லேந்து எடுத்தா விவரம் தெரிஞ்சவன் சிரிப்பான், .32ன்னு மாத்துங்க.

நெஜத்துல எங்கயாவது தோட்டா கெடந்தா நம்பர் படிக்கறேன்னு கையில எடுக்காதீங்க, போலீசுக்கு சொல்லுங்க. ஞாபகத்துக்குன்னு ஒண்ணே ஒண்ண பையில போட்டுக்கிட்டு ஏர்போர்ட் போனாலும் ஆயுதச் சட்டத்துல கேஸ்தான்.