பல மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருக்கவேண்டிய ஒரு தாள்

சர்க்கரைக்கு நாகர்கோவிலில் ஒரு மருத்துவர், இதயத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஒருவர், இரத்த அழுத்தத்துக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை, முட்டுவலிக்கு வைத்தியரின் கஷாயம் என்று நான்கு இடங்களில் மருந்து வாங்கும் முதியவர்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். இந்த நால்வரில் ஒருவர் எழுதியதை மற்றவர் முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. எல்லா மருந்தும் ஒன்றாகச் சேரும் இடம் நோயாளியின் வீடுதான் என்பதால், சரிபார்க்கும் வேலையையும் அங்கேதான் தொடங்கவேண்டும்.

ஒரு பகல் நேரத்தில், வெளிச்சம் உள்ள இடத்தில், வீட்டிலுள்ள மருந்து அனைத்தையும் மேசையில் பரப்புங்கள். பிரிட்ஜில் இருக்கும் இன்சுலின், கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், சத்து மாத்திரை, கைப்பையில் கிடக்கும் வலி மாத்திரை, அலமாரியில் நிற்கும் ஆயுர்வேத அரிஷ்டக் குப்பி ஆகிய எதையும் விட்டுவிடாதீர்கள். பிறகு ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். அதில் ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றது, உள்ளே இருக்கும் மருந்து இன்னது என்று மில்லிகிராம் அளவோடு சொல்வது, அதுதான் மருந்தின் உண்மையான பெயர்.

இந்த உண்மையான பெயரின் அருமையை நான் தக்கலைப் பக்கம் மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது கண்டேன். விடியற்காலையில் எழுந்து நடந்தால் தலை சுற்றுகிறது என்று வந்த ஒரு அம்மா, கேட்டதும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். ஒரு மருத்துவமனையில் காலைக்குக் கொடுத்தது ஒரு பெயர், இன்னொன்றில் இரவுக்குக் கொடுத்தது வேறு பெயர். பின்னால் திருப்பினால் இரண்டிலும் டெல்மிசார்ட்டன் 40 மி.கி. என்றே இருந்தது. ஒரே பிரஷர் மாத்திரையை இரு பெயர்களில் தினம் இருமுறை விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

ஆகவே ஒரு தாளில் மருந்தின் உண்மையான பெயர், அளவு, எதற்காக, எந்த வேளை, உணவுக்கு முன்னா பின்னா, எழுதியவர் யார், தொடங்கிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். "எதற்காக" என்ற கட்டத்தை நிரப்ப முடியாத மருந்து ஏதாவது இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் கேட்கவேண்டியது அதைப் பற்றித்தான்.

வேளையைக் குறிக்கும்போது நோயாளியின் உண்மையான நாளைக் கருதவேண்டும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் இருட்டில் கிளம்பி, வேலை முடித்துத்தான் காலை உணவு சாப்பிடுவார். அவர் கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை எழுந்தவுடன் போட்டுக்கொண்டு கிளம்பினால், தோட்டத்து நடுவில் சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்க நேரிடும். அது உணவோடு சேரவேண்டிய மாத்திரை. தைராய்டு மாத்திரையோ இதற்கு நேர்மாறாக வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடவேண்டியது. சாயா குடிக்கும் முன் அரைமணி நேரமாவது இடைவெளி வேண்டும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் காலையில் போட்டால் இரவில் பலமுறை எழ வேண்டியிருக்காது.

நான் அதிகம் அஞ்சுவது சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையைத்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் பிரஷர் மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேரும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பாராசிட்டமால் இவ்வகையில் பாதுகாப்பானது என்றாலும், பல சளி மாத்திரைகளிலும் வலி மாத்திரைகளிலும் அது ஏற்கெனவே கலந்திருப்பதால் அறியாமலே இரட்டிப்பாகிவிடும்.

ஆயுர்வேதமும் சித்தமும் வர்மமும் வேரூன்றிய மாவட்டம் இது. அவற்றை மறைத்து வைப்பதுதான் தவறு, சாப்பிடுவது அல்ல. அரிஷ்டங்களில் வெல்லமும், நொதித்து உண்டாகும் ஆல்கஹாலும் உண்டு என்பதைச் சர்க்கரை நோயாளி அறிந்திருக்கவேண்டும். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் கூடி, பொட்டாசியம் குறையலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதுபட்டவரும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைச் சாப்பிடுபவரும் தினமும் இளநீர் குடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மாத்திரை அட்டையை வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, அதைக் கடைசிவரை வைத்திருந்து மறுமுனையிலிருந்து பிரித்துச் சாப்பிடுங்கள். வாரநாட்களும் வேளைகளும் குறித்த மாத்திரைப் பெட்டி இருந்தால், போட்டோமா இல்லையா என்ற குழப்பம் வராது. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் அதில் தினசரி மாத்திரைகளோடு கலக்காதீர்கள். அது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று பெயரில் முடியும் மாத்திரைகள் மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவற்றைக் கேட்காமல் பொடித்துக் கொடுக்கக்கூடாது.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. மெட்டோபிரோலால் என்ற இதய மருந்து, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு ஆகியவற்றைத் தானாக நிறுத்துவதும் ஆபத்தானது. தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்பும் நாளுக்கு மேலும் சில நாட்களுக்கு மருந்து எடுத்துச் செல்வதும், அதை நனையாத டப்பாவில் வைப்பதும் இதற்காகத்தான்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் தாளைப் புதிதாக எழுதவேண்டும். புதிதாகச் சேர்ந்தது எது, அளவு மாறியது எது, நிறுத்தியது எது என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு செவிலியரிடம் கேளுங்கள். நிறுத்திய மருந்தின் மீதி அட்டைகளை அன்றைக்கே டப்பாவிலிருந்து அகற்றிவிட்டு, புதிய தாளை மொபைலில் படமெடுத்து, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகள் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.