அடமும் ஆத்திரமும் உள்ள பிள்ளையை கேம்ப்புக்கு அனுப்பும் முன்

என் மகனுக்கு 8 வயது. ஏ.டி.எச்.டி. உண்டு, அதாவது கவனம் நிற்காது, துறுதுறுப்பை அடக்க முடியாது. விளையாட்டில் தோற்றால் கையில் கிடைத்ததை எறிவான். செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு வா என்றால் தரையில் படுத்துக்கொள்வான். இப்படிப்பட்ட பிள்ளையை இரவு தங்கும் கேம்ப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்பலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவனைப் பற்றிய முழு உண்மையும் அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ‘நடத்தையில் சிரமம் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதத் தோன்றும். இடம் கிடைக்காதோ என்ற பயம்தான். எழுதாதீர்கள். உண்மையைக் கேட்டதும் கதவைச் சாத்துகிற இடம், எப்படியும் இரண்டாம் நாள் இரவு ‘வந்து கூட்டிப் போங்கள்’ என்று போன் செய்யும். அந்த மறுப்பை இப்போது நாம் வாங்கிக்கொண்டால், பிள்ளை அதை வாங்க வேண்டியதில்லை.

சேர்க்கும் முன் நடத்துபவரிடம் நேராகப் பேசுங்கள். ஒரு பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள்? அமெரிக்க கேம்ப் சங்கம், இரவு தங்கும் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் 6 பேருக்கு ஒருவராவது வேண்டும் என்கிறது. நம் பிள்ளைக்கு அதைவிட நெருக்கமான கவனிப்பு இருந்தால் நல்லது. இரவில் அவன் எழுந்து நடந்தால் யார் பார்ப்பார்கள்? ஒரு பிள்ளை இன்னொருவனை அடித்தால் என்ன செய்வீர்கள்? எந்த நிலையில் வீட்டுக்கு அனுப்புவீர்கள்? ‘அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்ற பதில் எனக்குப் போதாது. ‘முன்பு இப்படி ஒருவன் இருந்தான், அவனுக்கு இதைச் செய்தோம்’ என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நம்புவேன்.

அப்புறம், கேம்ப்பில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம். ஒரே பக்கம் போதும். அதைப் படிக்கப்போவது பெரும்பாலும் ஒரு கல்லூரி மாணவர். பிள்ளைகள் மேல் பிரியம் இருக்கும், இதில் பயிற்சி இருக்காது. ஏ.டி.எச்.டி. என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. எது நடந்தால் கோபம் வரும், வரும் முன் என்ன அடையாளம் தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று எழுதுங்கள். நான் எழுதியது இப்படி:

‘சட்டைக் காலரைக் கடிக்க ஆரம்பித்தால் கோபம் வரப்போகிறது. அப்போதே ஏதாவது எடுத்துவரச் சொல்லி அந்த இடத்திலிருந்து கிளப்பிவிடுங்கள். கத்தத் தொடங்கிவிட்டால் அறிவுரை காதில் ஏறாது. மற்ற பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, அவன் பக்கத்தில் பேசாமல் இருங்கள். தொடாதீர்கள். அடங்கிய உடனே மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கொஞ்ச நேரம் கழித்துப் பேசினால் அவனே கேட்பான். விளையாட்டு முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை, 1 நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் ரொம்பப் பொறுமையாக இருப்பான். பூச்சிகளைப் பற்றிக் கேளுங்கள், நிறையச் சொல்வான்.’

கடைசி இரண்டு வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குறைகளை மட்டும் படித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு, பிள்ளை வண்டியை விட்டு இறங்கும்போதே குறையாகத்தான் தெரிவான்.

பிள்ளை ஏ.டி.எச்.டி.க்கு மருந்து சாப்பிட்டால், லீவுதானே என்று அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். புது இடம், புது ஆட்கள், புது நேர ஒழுங்கு என்று எல்லாம் மாறுகிற வாரம் அது. கிளம்பும் நேரத்தில் அளவையும் மாற்றாமல் இருப்பது நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மருந்தைப் பெயரும் அளவும் ஒட்டிய அதே டப்பாவில் நர்ஸ் கையில் கொடுங்கள், பிள்ளையின் பையில் வைக்காதீர்கள். மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஏ.டி.எச்.டி. மருந்துகள் பசியைக் குறைக்கும், தாமதமாகக் கொடுத்தால் தூக்கத்தைக் கெடுக்கும். நேரத்தைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 7 வயதில்கூட நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகளுக்கு அது உண்டு, கேம்ப்காரர்களுக்குப் புதிதல்ல.

முதலில் சொந்தக்காரர் வீட்டில், நீங்கள் இல்லாமல், ஓர் இரவு தங்கட்டும். அப்புறம் இரண்டு இரவு. வீட்டு ஏக்கம் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையும் இப்படிப் பழக்கச் சொல்கிறது. ‘பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிப் போகிறேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முதல் இரவே அழும். நம் பிள்ளை, எதைச் செய்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கண்டுபிடித்து அதையே செய்யும். அதற்குப் பதில், அழுகை வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று அந்த ஆளின் பெயரோடு சொல்லிக்கொடுங்கள்.

போன் வந்தால் பதறாமல் கேளுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது? நேற்று இரவு தூங்கினானா? சாப்பிட்டானா? மருந்து நேரத்துக்குப் போனதா? பல சமயம் இந்த நாலு கேள்வியிலேயே வழி கிடைத்துவிடும். அவனுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால், சரி, போய்க் கூட்டி வாருங்கள். வழியில் விசாரணை வேண்டாம். கிளம்பும் முன் அந்தப் பொறுப்பாளரிடம், கடிதத்தில் எது உதவியது, எதை விட்டுவிட்டேன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்துக்கு அது வேண்டும்.