மெட்டில் சொல் நசுங்காமல் பாட்டெழுத

கவித்துவமான வரிகளுக்குப் பெயர் வாங்க நினைக்கும் இண்டி (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத) இசைக்குழுப் பாடகருக்கு முதல் எதிரி கற்பனை வறட்சி அல்ல, காதில் விழாத சொல். நோட்டில் அழகாக இருக்கும் வரி ஜாமிங் ஸ்டூடியோவுக்குள் போனதும் முணுமுணுப்பாகிவிடும்.

முதலில் எண்ணிக்கை. புள்ளி எழுத்துகளைக் கழித்துவிட்டு மீதியை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், நான்கு தட்டுச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 2.7 விநாடி ஆகும். அரைத்தட்டுக்கு ஓர் எழுத்து என்றால் இரண்டு சுற்றில் 16 எழுத்துக்கு இடம் உண்டு. ஆனால் 12 எழுத்தோடு நிறுத்துங்கள்; மிச்ச இரண்டு தட்டு மூச்சுக்கு. ‘கடைசி ரயில் போன பின்னும் தேக்கா விழித்திருக்கு’ என்றால் (தேக்கா, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரம்) சரியாக 16, பாடுபவர் திணறுவார். ‘கடைசி ரயில் போச்சு, தேக்கா தூங்கலை’ என்றால் 12.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. வரியின் கடைசிச் சுரத்தை நீட்டினால் ‘லை’ இழுபடும். பேச்சில் அது ‘ல’ என்று சுருங்கும் ஒலி. சொற்களை இடம் மாற்றி ‘தூங்கலை தேக்கா’ என்று முடித்துப் பாருங்கள். ‘கா’ வாய்திறந்து எவ்வளவு நேரமும் நிற்கும். ‘காத்து’, ‘வீடு’ போல உகரத்தில் முடிகிற சொல்லிலும் முதல் எழுத்தைத்தான் நீட்ட வேண்டும். கடைசியை நீட்டினால் ‘காத்தூ’ ஆகிவிடும்.

குறில் நெடில் பிசகினால் பொருளே மாறும். நீண்ட சுரத்தில் ‘மலை’ விழுந்தால் கேட்பவருக்கு ‘மாலை’. ‘வரம்’ ‘வாரம்’ ஆகும். மெட்டு முந்தி வந்திருந்தால், நீளும் இடங்களில் கோடு போட்டு வைத்து, அங்கே நெடிலைத் தேடுங்கள். ‘விட்டு’, ‘தொட்டு’ போன்ற வல்லின இரட்டிப்பில் ஒலி ஒரு கணம் அறுபடும். அதை இழுக்க முயலாமல், ‘டு’ ஸ்னேர் டிரம்மின் அடியோடு சேர்ந்து விழும்படி வையுங்கள்.

எழுத்து ஒன்று குறைகிறதே என்று ‘இருக்கேன்’ இருந்த இடத்தில் ‘இருக்கிறேன்’ போடுவது பலரும் செய்யும் தவறு. பேச்சுத் தமிழ்ப் பாட்டில் அது செய்தி வாசிப்பு போல ஒலிக்கும். வரிக்கு வரி ‘-றேன்’ என்று முடிக்கும் இயைபும் மலிவானது, அடுத்த சொல்லைக் கேட்பவர் முன்பே ஊகித்துவிடுவார். எதுகையை வரியின் நடுவில் ஒளித்து வைத்தால் நன்றாக இருக்கும்.

குழுவோடு சேரும்போது எலெக்ட்ரிக் கிட்டாரில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் குறையுங்கள். மெய்யொலிகள் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். சரணத்தில் டிரம்மர் ஹை-ஹேட்டை (காலால் திறந்து மூடும் ஜோடித் தாளத்தட்டை) மூடியே வாசிக்கட்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தினால் குரல் மந்தமாகும், ஊளைச் சத்தமும் கிளம்பும்.

பாட்டு தேறியதா என்று அறிய, மின்விசிறியை அணைத்துவிட்டு கைப்பேசியில் பதிந்து, வரிகளைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துக் கேட்டபடி எழுதச் சொல்லுங்கள். அவர் பிழையாக எழுதிய இடமெல்லாம் உங்கள் வேலை. பள்ளித் தமிழோடு நின்றுவிட்டவருக்காகச் சொல்லை எளிமையாக்க வேண்டாம். உச்சரிப்பு தெளிந்தால் அவருக்கும் எட்டும்.

சிங்கப்பூரில் பதிவு செய்யாமலே வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனாலும் பாடல் வெளிவருமுன் வரிக்கு இவ்வளவு, மெட்டுக்கு இவ்வளவு என்று பங்கை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பொது இடங்களில் ஒலிப்பதற்கான உரிமத்தொகையை வசூலித்துத் தரும் காம்பஸ் அமைப்பில் பாடலைப் பதியும்போது அந்தப் பங்கு விவரம் தேவைப்படும்.