கடலுக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள்: நெல்லைச் சீமையில் முதல் ரோடு ட்ரிப் போடுவது எப்படி?

திருநெல்வேலியிலிருந்து கிழக்கே திருச்செந்தூர் 60 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மேற்கே பாபநாசம் அதைவிடப் பக்கம். பொதிகையில் பிறக்கிற தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேர்ந்துவிடுகிறது. மேப்பைப் பார்க்கிற புதியவர்களுக்கு உடனே ஆசை வரும்: காலையில் கடல், மதியம் அருவி, சாயந்திரம் அல்வா, ஒரே நாளில் முடித்துவிடலாமே! முடிக்கலாம்தான். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறொன்றும் ஞாபகத்தில் நிற்காது.

இந்தப் பக்கம் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. கோயில் நடை, வனத்துறை செக்போஸ்ட், குளிக்கத் தடை, எதிர்வெயில், காற்று, இவைதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். அதனால் கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, நேரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள். மூன்று நாள், இரண்டு ராத்திரி என்பது முதல் பயணத்துக்குச் சரியான அளவு.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல். வெயிலும் தூறலும் காற்றும் சேர்ந்தே வரும். அருவிகளில் தண்ணீர் விழும், வயலெல்லாம் பச்சை. அதே நேரம் கடற்கரைப் பக்கம் கச்சான் காற்று அடித்துத் தள்ளும். தேரிக்காட்டுச் செம்மண் பறந்து கண்ணில் விழும். மலைதான் முக்கியம் என்றால் இந்த மாதங்கள்.

கடல்தான் முக்கியம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. வெயில் இதம், வானம் தெளிவு, கூந்தன்குளத்தில் பறவைகளும் இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். அருவியில் தண்ணீர் குறைவாக இருக்கும் என்பது மட்டும்தான் குறை. பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி அந்தக் குறையைத் தீர்த்து வைக்கும். அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும்.

நவம்பர், டிசம்பரில் வருவதாக இருந்தால் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையும் ரயில் பாதையும் அறுத்துக்கொண்டு போயின.

காலண்டரில் இன்னும் சில நாள்களை அடித்துவிடுங்கள். ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம், புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா, ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அவை பெரிய நாள்கள். இயற்கை பார்க்க வருகிறவர்கள் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும்.

தங்கும் இடம்

முதல் ராத்திரி திருநெல்வேலி அல்லது பாளையங்கோட்டை, இரண்டாவது ராத்திரி தென்காசி. சீசனில் சனி, ஞாயிறு குற்றாலத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் தங்கினால் பணமும் மிச்சம், தூக்கமும் மிச்சம்.

முதல் நாள்: கிழக்கே

திருச்செந்தூர் சாலையில் விடிந்த பிறகு கிளம்பினால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். ஆகவே விடிவதற்கு முன்பே, நாலரை மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுங்கள். செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஆற்றை ஒட்டியே போகிற பாதை. வாழைத் தோப்புகளுக்கு நடுவே இருட்டு பிரிகிற நேரத்தில் திருச்செந்தூரில் இருப்பீர்கள். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அங்கிருந்து தெற்கே திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தத் திசையில் போனால் கடல் உங்கள் இடது பக்கம். எங்கே நிறுத்தத் தோன்றினாலும் சாலையைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஓரம் கட்டலாம். வழி நெடுகக் கடல் தெரியும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பனையும் உடைமரமும்தான். கடலைப் பார்க்க ஊருக்குள் திரும்ப வேண்டும்.

அப்படித் திரும்ப வேண்டிய ஊர்களில் முதலாவது மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின் மேல் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். அதற்குக் கீழே, புனித சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் குகை. அலை வந்து மோதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. குன்றின் மேல் நின்று வடக்கே பார்த்தால் வரிசையாகப் படகுகள், அவற்றுக்குப் பின்னால் உப்பங்கழி, அதற்கும் பின்னால் பனங்காடு. காலையில் கரையில் மீன் ஏலம் நடக்கும். கேமராவை நீட்டுவதற்கு முன் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார், பேச்சும் கொடுப்பார். குறைந்தது ஒன்றரை மணி நேரம் இங்கே ஒதுக்குங்கள்.

கோடையில் வந்தால் உடன்குடிப் பக்கம் பதநீர் கிடைக்கும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதை, பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். பட்டையின் ஓரத்தில் வாய் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க வேண்டும்; ஒரு கையை விட்டால் சட்டைதான் குடிக்கும். வெயில் ஏறுவதற்கு முன் குடித்துவிடுங்கள். கருப்பட்டியும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

உவரியோடு தெற்கே போவதை நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி பக்கம்தானே என்று மனம் இழுக்கும். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். திசையன்விளை, மூலைக்கரைப்பட்டி வழியாகத் திரும்பினால் கூந்தன்குளம் அருகில்தான். நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகிற ஊர். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத சனங்கள், எனவே ஹார்ன் அடிக்காதீர்கள். மேற்கே வருவதால் சாயந்திரம் மறுபடி எதிர்வெயில். நாலு மணிக்குள் டவுனைப் பிடித்துவிட்டால் தப்பிக்கலாம்.

இரண்டாம் நாள்: மேற்கே

இன்று காலை வெயில் முதுகில் விழும், மலை முகத்தில் வெளிச்சம் இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் ஏறி மலையை மூடிவிடும். ஆறரைக்குக் கிளம்புங்கள்.

வழியில் பத்தமடை; கோரைப்பாய் நெய்கிற ஊர். அப்புறம் சேரன்மகாதேவி, வீரவநல்லூர். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். அங்கிருந்து மணிமுத்தாறு அணை, பிறகு பாபநாசம். இரண்டு இடத்திலும் மேலே போக வனத்துறைச் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அது. பிளாஸ்டிக்கும் மதுவும் இருந்தால் எடுத்துவிடுவார்கள், நேரம் கடந்து போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். முதல் நாள் மாலையே விடுதியில் கேட்டு, மறுநாள் அனுமதி உண்டா என்று தெரிந்துகொள்வது நல்லது. மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கும் மாஞ்சோலை? அதற்கு வனத்துறையிடம் தனி அனுமதி வேண்டும். முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

மதியத்துக்கு மேல் விக்கிரமசிங்கபுரம், ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி. 40 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் மூன்று நாளிலும் நல்ல சாலை இதுதான் என்பேன். மலைத்தொடர் இடது பக்கம் கூடவே வரும். இடதுபக்க சீட்டுக்கு வண்டிக்குள் சண்டை நடக்கும், முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளுங்கள். கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். பாரதியும் சில காலம் அங்கே வாழ்ந்தார்.

அறுவடைக் காலத்தில் இந்தச் சாலைகளில் நெல்லையும் உளுந்தையும் பாதி ரோடு வரை காயப்போட்டிருப்பார்கள். விளிம்பில் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள்; இருட்டில் அந்தக் கல்தான் ஆபத்து. பைக்கில் வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊர் சேருங்கள். பாபநாசத்துக்கு மேலே பெட்ரோல் கிடைக்காது, அம்பாசமுத்திரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்

விடிந்ததும் குற்றாலம். எட்டு மணிக்கு மேல் கூட்டம். சோப்பு, ஷாம்புக்குத் தடை. தின்பண்டப் பையை வெளியே தெரியும்படி வைத்தால் குரங்கு கொண்டுபோய்விடும். குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் சொன்னால் வாதாடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம்.

அருவி கிடைக்காவிட்டால் ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் போகலாம், சூரியகாந்தி பூத்திருக்கும். வயலுக்குள் இறங்கிச் செடியை மிதிக்காமல் வரப்பில் நின்றே படம் எடுங்கள். மதியம் செங்கோட்டைக்குப் போகிற வழியில் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் 12 மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள், ஒரு மணிக்கு மேல் இலை கிடைப்பது கஷ்டம். அங்கிருந்து ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி. ராத்திரி ரயிலைப் பிடிப்பதற்கும் அல்வா வாங்குவதற்கும் நேரம் தாராளமாக இருக்கும்.