மரத்துக்கு சீரியல் லைட் போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பண்டிகைக்காக மரத்தில் சுற்றிய சீரியல் லைட்டை, பண்டிகை முடிந்த பிறகும் கழற்றாமல் விட்டுவிடுவதுதான் இருக்கிற தவறுகளிலேயே பெரியது. ‘அடுத்த வருஷமும் இதையேதானே போடப்போகிறோம், இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் மரம் பருத்துவிடும், ஒயர் அப்படியே இருக்கும்.

இலைகள் தயாரிக்கும் சர்க்கரையை வேர்வரை கொண்டுசெல்லும் புளோயம் திசு, பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அதற்கும் உள்ளே மிக மெல்லிய படலமாகக் கேம்பியம். மரம் பருப்பது அந்தப் படலத்தால்தான். அடிமரத்தின் விட்டம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 3 செ.மீ.க்கு மேல் கூடும். இறுக்கமாகச் சுற்றிய ஒயர் முதலில் பட்டையில் தடம் பதிக்கும். பிறகு அதன் இருபுறமும் பட்டை புடைக்கும். கடைசியில் ஒயரை உள்ளே விழுங்கிக்கொண்டு மரம் வளர்ந்துவிடும். அந்த இடத்தில் சர்க்கரை கீழே இறங்குவது தடைபட்டு, வேர் பட்டினி கிடக்கும். தண்ணீரை மேலேற்றும் சைலம் இன்னும் உள்ளே, கட்டையில் இருப்பதால் இலைகள் சில காலம் பச்சையாகவே இருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. கிளை வாடி நாம் கவனிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

குளிர் நாடுகளில் இலையுதிர்த்து உறங்கும் மரங்கள் அந்தச் சில மாதங்களில் பருப்பதில்லை. வெப்பமான பகுதி மரங்கள் பலவற்றுக்கு அவ்வளவு நீண்ட ஓய்வு கிடையாது. அதனால் குளிர்கால அலங்காரத்துக்குச் சொல்லப்படும் அறிவுரையை எல்லா ஊர் மரத்துக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. இளமரம் என்றால் இன்னும் கவனம் தேவை, அது பருக்கும் வேகம் அதிகம்.

எனவே சுற்றும்போதே தளர்வாகச் சுற்றுங்கள். ஒயருக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரே இடத்தில் வளையம் வளையமாக இறுக்காமல், இடைவெளி விட்டுச் சுருளாக மேலே கொண்டுபோங்கள். சில வாரங்களில் கழற்றிவிடுவதே நல்லது. நிரந்தரமாக வேண்டும் என்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அவிழ்த்துத் தளர்த்திக் கட்டத்தான் வேண்டும். ஏற்கெனவே ஒயர் பட்டைக்குள் புதைந்துவிட்டதா? இழுத்துப் பிடுங்காதீர்கள், பட்டையும் சேர்ந்து உரிந்து வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

அடுத்தது ஆணி. ‘இவ்வளவு பெரிய மரத்துக்கு ஓர் ஆணி என்ன செய்யும்’ என்பார்கள். நம் தோல் காயம் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். கெட்டுப்போன திசுவை மரம் புதுப்பிப்பதில்லை. அதைச் சுற்றி அரண் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவைக்கிறது. ஒவ்வொரு அரணுக்கும் மரம் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஆணி அடித்த துளை வழியே பூஞ்சை நுழையவும் வாய்ப்பு உண்டு. பனை, தென்னை போன்றவற்றுக்கு நிலைமை இன்னும் மோசம். அவற்றுக்குக் கேம்பியமே இல்லாததால் தண்டில் விழுந்த துளை கடைசிவரை மூடாது. ஸ்டேப்ளர் பின் சின்னதுதானே என்று அடிப்பதும் வேண்டாம். அது பட்டையைத் துளைப்பதோடு ஒயரின் மேலுறையையும் கிழிக்கலாம். ஈரத்தில் ஷாக் அடிக்கும். பழைய பருத்தித் துணியைக் கிழித்த நாடாவோ மெத்தென்ற கயிறோ போதும். கிளைக் கவைகளிலேயே ஒயரைத் தாங்கவைத்தால் பாதிக் கட்டு தேவைப்படாது. கேபிள் டை எனப்படும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் தளர்வாகப் போட்டு, கழற்றும் நாளில் ஒன்றுவிடாமல் வெட்டி எடுங்கள். மரத்தில் மறந்துபோன கேபிள் டையும் இறுகிய ஒயர் செய்யும் அதே வேலையைத்தான் செய்யும்.

பல்பு விஷயத்தில் எல்இடிதான் என் தேர்வு. குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வெப்பமாகவே வெளியிடுகிறது. பெரிய குண்டு பல்பு தளிரையோ மொட்டையோ தொட்டுக்கொண்டிருந்தால் அது கருகிவிடும். எல்இடியில் அந்தச் சூடு மிகக் குறைவு. கனமும் குறைவு என்பதால் மெல்லிய கிளைகள் வளையாது.

ஆனால் எல்இடி என்பதற்காக விடிய விடிய எரியவிடக் கூடாது. இரவின் நீளத்தை வைத்துத்தான் பல மரங்கள் எப்போது பூக்க வேண்டும், எப்போது இலை உதிர்க்க வேண்டும் என்று கணக்குப் போடுகின்றன. தெருவிளக்கை ஒட்டி நிற்கும் கிளைகளில் மட்டும் இலைகள் தாமதமாக உதிர்வதைக் குளிர் நாடுகளில் காணலாம். கிளையில் அடையும் பறவைகளுக்கும் இருட்டு வேண்டும். ஒரு டைமர் வைத்து, எல்லோரும் தூங்கப்போகும் நேரத்தில் அணைத்துவிடுங்கள். கூடு இருக்கும் மரம் என்றால் அதை விட்டுவிட்டு வேறு மரத்தைப் பாருங்கள்.

வீட்டுக்குள் போடும் சரத்தை வெளியே கட்டுவது மரத்தைவிட நமக்கே ஆபத்து. தண்ணீரும் தூசியும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஐபி (IP) குறியீடு குறைந்தது ஐபி44, மழையில் நனையும் இடமென்றால் ஐபி65 இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) வழியாகவே இணைப்பு எடுங்கள். மேலே மின்கம்பி போகும் மரத்தின் பக்கம் ஏணியே கொண்டுபோக வேண்டாம்.

கேபிளை மறைக்க மரத்தடியில் பள்ளம் தோண்டுகிறவர்களும் உண்டு. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. மண்வெட்டி அவற்றைத்தான் முதலில் வெட்டும். ஒயரைத் தரைமேலேயே, யாரும் கால் தடுக்காத ஓரமாகக் கொண்டுபோகலாம்.

கழற்றும்போது கீழே நின்று வெடுக்கென இழுத்தால் தளிரும் மொட்டும் ஒயரோடு வந்துவிடும். ஏணி வைத்து, மேலிருந்து தொடங்கி, சுற்றிய திசைக்கு எதிராக ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, அப்படியே ஓர் அட்டையில் சுற்றி வையுங்கள். அவிழ்க்கும்போதே பட்டையில் எங்காவது தடம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் அந்தக் கிளையை அடுத்த முறை விட்டுவிடுங்கள்.