அல்சருக்கு மூன்று மருந்து: 14 நாளும் பிழையில்லாமல் குடிப்பது எப்படி?

உறைப்பும் வெறுவயிற்றுப் பிளேன்டீயும்தான் அல்சருக்குக் காரணம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவை எரிச்சலைக் கூட்டலாம். வயிற்றுப் புண்ணை உண்டாக்குபவை பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் வலிக் குளிசைகளும்தான். கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தால், டொக்டர் மருந்துகளைச் சேர்த்து எழுதுவார். வழக்கமான ஒரு கணக்கு: அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி., கிருமியைக் கொல்லும் கிளரித்ரோமைசின் 500 மி.கி., அமொக்சிசிலின் 1000 மி.கி.; மூன்றும் காலையும் இரவும், 14 நாள். உங்கள் துண்டில் வேறு மருந்தோ அளவோ இருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

முதல் வேலை, மருந்து எழுதும்போதே வாயைத் திறந்து சொல்வது. பென்சிலின் ஊசியிலோ குளிசையிலோ எப்போதாவது உடம்பு தடித்திருக்கிறதா? அப்படியானால் அமொக்சிசிலின் ஆகாது. பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மாற்றித் தருவார்கள். கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, சிறுநீரக வருத்தம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்துகள் அத்தனையையும் கிளினிக் கொப்பியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கிளரித்ரோமைசின் பல மருந்துகளோடு மோதும். கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை கெடலாம். வாந்திக்குத் தரும் டொம்பெரிடோனோடு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சீனி வருத்தத்துக்குக் கிளிபென்கிளமைட் குடிப்பவருக்குச் சீனி திடீரென்று இறங்கலாம், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவருக்கு இரத்தம் கசியலாம்.

வீட்டுக்கு வந்ததும் காகித உறைகளைப் பிரித்து எண்ணுங்கள். அமொக்சிசிலின் 500 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு இரண்டு, மொத்தம் 56. கிளரித்ரோமைசின் 500 மி.கி. என்றால் 28, 250 மி.கி. என்றால் 56. ஒமெப்ரசோல் 28. குறைந்தால் முடியும் நாள் வரை காத்திராமல் அன்றே கேளுங்கள். லயத்துக் கூரை ஒழுகும் இடத்திலும் அடுப்படியிலும் வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

நேரம் இப்படி: காலை 5.30க்கு ஒமெப்ரசோல், உடைக்காமல், தண்ணீரோடு. அரை மணி கழித்து ரொட்டியோ சோறோ சாப்பிட்டு, உடனே மற்ற இரண்டும். பிறகு பெரட்டுக்குப் போகலாம். இரவிலும் அதே முறை. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் குடியுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகக் குடிக்கவேண்டாம்.

அதிகம் பேர் தவறுவது நான்காம் ஐந்தாம் நாளில்தான். வலி நின்றுவிடும். நின்றது ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைத்ததால். கிருமி இன்னும் உயிரோடு இருக்கும். அப்போது நிறுத்தினால் தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்தமுறை அதே கிளரித்ரோமைசின் வேலை செய்யாமல் போகலாம். மிச்சத்தைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுப்பதும் வேண்டாம். இருவருக்குமே அரைகுறை வைத்தியம்.

கூடையும் ஏற்றமும் தரும் இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக், புரூபன், அஸ்பிரின் போட்டால் புண் இரத்தம் கக்கும். பரசிட்டமோல் போதும். ஆனால் இதயத்துக்கென்று டொக்டர் கொடுத்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடம் கேளுங்கள். மெட்ரோனிடசோல் இருந்தால் சாராயம், கள்ளு, அரிஷ்டம் எதுவும் ஆகாது; கடைசிக் குளிசைக்குப் பிறகும் மூன்று நாள் பொறுங்கள். இல்லையென்றால் வாந்தியும் படபடப்பும் வரலாம்.

வாய்க் கசப்பு, இளக்கமான வயிற்றுப்போக்கு பயப்படவேண்டியவை அல்ல. ஜீவனி கரைத்துக் குடியுங்கள். மலத்தில் இரத்தமோ கடுமையான நீர்ப்போக்கோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போல் கறுத்து ஒட்டினாலோ உடனே 1990க்கு அழையுங்கள். இரும்புச்சத்துக் குளிசை, பிஸ்மத் என்ற வயிற்று மருந்து குடித்தாலும் மலம் கறுக்கும். தலைச்சுற்றும் நாற்றமும் சேர்ந்தால் அதைக் குளிசையால் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பெருந்தெருவுக்கு இறங்க நேரம் எடுக்கும் டிவிஷனில் இருப்பவர்கள் அம்பியூலன்ஸ் எதுவரை வரும் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்யவேண்டும். அதற்கு முன் ஒமெப்ரசோலை இரண்டு வாரம் நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். உங்கள் புண்ணைப் பொறுத்து எப்போது நிறுத்தலாம் என்பதை டொக்டரிடம் கேட்டு, அந்தத் திகதியைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.